வயல் அழகு எந்தப் பாடத்தில் வரும்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தத்துவத்தில் முதுகலை படிக்கிறார். கேள்வி சுருக்கமாக இதுதான்: "அழகியலும் கலைத் தத்துவமும் ஒன்றா? எங்கள் பாடத்திட்டத்தில் ஒரே தாளுக்கு இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் வயல்வெளியின் அழகைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்று போய்க் கேட்டேன். 'வயல் என்ன கலைப்படைப்பா? இது எப்படி அழகியலில் வரும்?' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்."

தம்பி, முதலில் உங்கள் வயலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயல் அழகியலில் தாராளமாக வரும். வராது என்று சொன்னவர் அழகியல் என்ற பெயரைக் கேட்டதும் கலைத் தத்துவத்தை நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் குழப்பத்துக்கு வயது இருநூறு ஆகப் போகிறது. கும்பகோணத்தில் முப்பது வருஷம் நான் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு மாணவராவது இதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அழகியல் விசாரிப்பது நமக்குள் நடக்கும் ஒன்றை. எதையோ பார்க்கிறோம், கேட்கிறோம், நாக்கில் வைக்கிறோம். மனசு அதைவிட்டு நகராமல் நின்றுவிடுகிறது. "என்ன அழகு" என்றோ "கண்றாவி" என்றோ வாயில் வந்துவிடுகிறது. அப்படி மனசு நிற்பது எதனால்? அந்தத் தீர்ப்பு என்னுடைய சொந்த விருப்பம்தானா, அல்லது பக்கத்தில் நிற்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டியதா? எனக்குக் காபி பிடிக்கும் என்று சொல்வதும், இந்தக் காபி நன்றாக இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றுதானா? இப்படிப் போகும் அந்த விசாரணை. எதிரே இருப்பது சிலையாக இருக்கலாம், மயிலாக இருக்கலாம், வாசல் கோலமாக, மழைக்கு முந்தைய வானமாக இருக்கலாம். அழகியலுக்கு எல்லாம் சம்மதமே.

கலைத் தத்துவம் விசாரிப்பது மனிதர் செய்து வைத்த ஒரு வகைப் பொருளையும் செயலையும். எது கலை, எது இல்லை? அதை யார் முடிவு செய்கிறார்கள்? தியாகராஜர் கீர்த்தனை ஒன்று எங்கே இருக்கிறது? ஏட்டிலா, திருவையாற்றில் பகுள பஞ்சமியன்று உட்கார்ந்து பாடுபவர்கள் தொண்டையிலா? நாளைக்கு யாருமே பாடாவிட்டால் அது இருக்கிறதா, இல்லையா? செய்தவர் நினைத்த பொருள்தான் அதன் பொருளா? அசலைப் போலவே இருக்கும் போலிக்கு என்ன குறை? இவற்றில் பல கேள்விகளுக்கு அழகோடு நேரடி உறவே கிடையாது. மிக மட்டமாக எழுதப்பட்ட கவிதையும் கலைத் தத்துவத்துக்கு வேலை கொடுக்கும்.

ஆக, இவை இரண்டு வெவ்வேறு கேள்விக் கூட்டங்கள். குடமுருட்டியும் அரசலாறும் மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். தண்ணீர் ஒன்றுதான், பாயும் வயல்கள் வேறு. அப்புறம் எப்படி ஒன்றாகிப் போயின?

அழகியல் என்று நாம் சொல்லும் துறைக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான பாம்கார்ட்டன். 1735-இல் கவிதையைப் பற்றி எழுதிய ஒரு சிறு நூலில் அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தினார். 1750-இல் அதையே தலைப்பாக வைத்துப் பெரிய நூலைத் தொடங்கினார். கிரேக்க மொழியில் 'ஐஸ்தெசிஸ்' என்றால் புலன்வழி உணர்தல். அறிவால் தெரிந்துகொள்வதற்குத் தர்க்க சாஸ்திரம் இருப்பதுபோல, புலனால் தெரிந்துகொள்வதற்கும் ஒரு சாஸ்திரம் வேண்டும் என்பது அவர் எண்ணம். கவிதை பேச வந்த இடத்தில் பிறந்த பெயர்தான், ஆனால் அதன் வேர் புலனில் இருக்கிறது. 1790-இல் காண்ட் என்ற ஜெர்மன் தத்துவவாதி எழுதியபோது பூவும் பறவையும் கடலும் விண்மீன் வானமும்தான் அவருடைய முக்கிய உதாரணங்கள். கலை பிற்பாடுதான் வருகிறது. இயற்கை அழகில் ஒருவருக்கு இருக்கும் ஈடுபாட்டை நல்ல மனத்தின் அடையாளமாகவே அவர் பார்த்தார்.

திருப்பம் ஹெகல் என்ற இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியிடம் வருகிறது. 1820-களில் பெர்லினில் அவர் நடத்திய விரிவுரைகள், 1831-இல் அவர் இறந்த பிறகு, 1835 முதல் நூலாக வெளிவந்தன. ஆரம்பத்திலேயே அவர் கணக்கைத் தீர்த்துவிடுகிறார். அழகியல் என்ற பெயர் இங்கே சரியாகப் பொருந்தவில்லை, பழகிவிட்டதால் வைத்துக்கொள்வோம், நாம் பேசப் போவது கவின்கலையின் தத்துவம், இயற்கை அழகு இதில் சேராது என்கிறார். கலையின் அழகு ஆன்மாவிலிருந்து பிறந்தது, ஆகவே இயற்கையின் அழகைவிட உயர்ந்தது என்பது அவர் காரணம். அந்தக் காரணத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அந்த எல்லைக்கோடு மட்டும் நின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய பெரும்பாலோருக்கு அழகியல் என்றால் கலையைப் பற்றிய பேச்சு, கலை விமர்சனத்தைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். 1966-இல் ரொனால்ட் ஹெப்பர்ன் என்பவர், இயற்கை அழகை இப்படி மறந்துபோனது பெரிய தவறு என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகுதான் காடும் கடற்கரையும், பின்னர் சமையலும் வீட்டு முற்றமும் மெல்ல மெல்ல அழகியலுக்குள் திரும்பி வந்தன. உங்கள் கட்டுரையை மறுத்தவர் 1966-க்கு முந்தைய பாடப்புத்தகத்தில் நிற்கிறார்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'அழகியல்' என்ற மொழிபெயர்ப்பு புலனுணர்வை விட்டுவிட்டு அழகை மட்டும் பிடித்துக்கொண்டது. 'முருகியல்' என்று சொன்னவர்களும் உண்டு. அதுவும் அழகுதான். இலங்கைப் பள்ளிகளில் சங்கீதம், நடனம், சித்திரம் எல்லாவற்றையும் சேர்த்து அழகியல் பாடங்கள் என்கிறார்கள். அங்கே அந்தச் சொல் முழுக்கக் கலைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அழகு என்ற ஒரே சொல்லுக்குள் அடங்காதவை எத்தனையோ இருக்கின்றன. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போன சமயம், நான் அணைக்கரைப் பாலத்தில் நின்று கொள்ளிடத்தைப் பார்த்தேன். கரை எது, ஆறு எது என்று தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துப் போகிறது. வேரோடு ஒரு மரம் வந்து தூணில் மோதி, ஒரு கணம் நின்று, திரும்பி அடியில் போய்விட்டது. காலுக்குக் கீழே பாலம் அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. அதை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நூறு பேர் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருவரும் பேசவில்லை. காண்ட் இதற்கு உன்னதம் என்று தனி இடம் கொடுத்தார். பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் அது கிடைக்கும் என்றும் சொன்னார். பாலத்தில் நின்ற எங்களுக்கு அது கிடைத்தது. கரையோரம் வீட்டுச் சாமான்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்திருக்காது.

நம் ஆட்கள் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் தெரியும் உணர்ச்சிகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மருட்கை, அதாவது வியப்பு, எதனால் பிறக்கும் என்றால் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்கிறது. கொள்ளிடத்தில் நான் கண்டது அந்தப் பெருமை, அளவில் பெரிதாயிருத்தல். அச்சத்துக்குக் காரணமாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்கிறது. இவையெல்லாம் வாழ்க்கையில் நேர்பவை. ஆனால் இந்தப் பட்டியல் இருப்பது செய்யுள் இயற்றுவதற்கான இலக்கணத்துக்குள். உணர்ச்சி எங்கும் பிறக்கும், அதைக் கவிதை எப்படிக் கையாளும் என்பது தனி வேலை என்ற தெளிவு அதிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நாக்கின் சுவைக்கும் நாடகத்தின் சுவைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி இது. உங்கள் ஆய்வுக்கு இந்த இடம் நல்ல அஸ்திவாரம், விட்டுவிடாதீர்கள்.

சரி, இனி சுவாமிமலைக்குப் போவோம். இரண்டு துறைகளும் எங்கே பிரிகின்றன என்பதை நான் புத்தகத்தைவிட அங்கேதான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

பட்டறையில் ஸ்தபதி முதலில் செய்வது ஒரு தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்குவது. அதை மடிக்கிறார், மறுபடி மடிக்கிறார். மடிப்புத் தழும்புகள்தான் அளவுகோல். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று ஓலையே சொல்லிவிடும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்கிறார். விரல் சூட்டில் மெழுகு இளகும், இறுகவேண்டும் என்றால் தண்ணீரில் போட்டு எடுப்பார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை முதல் பூச்சாகப் பூசுகிறார். மாவுபோல் நைசான மண். மெழுகில் நகக்கீறல் இருந்தாலும் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். இந்த மண்ணுக்காகத்தான் எங்கள் முன்னோர் இங்கே தங்கினார்கள் என்பார்கள் அங்கே. மேலே இன்னும் இரண்டு மூன்று பூச்சு, பெரிய சிலையென்றால் கம்பிக் கட்டு. காய்ந்ததும் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். பிறகு உளிவேலை வாரக்கணக்கில் நடக்கும்.

ஒருமுறை அங்கே ஒரே அளவில் இரண்டு நடராஜர் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கை செய்தவை. அச்சு உடைந்துபோவதால் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது, ஆனாலும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று ஒரு கோயிலுக்கு. கண் திறந்து, கும்பாபிஷேகம் ஆகி, அபிஷேகமும் அலங்காரமும் பார்த்து, ஆருத்ரா அன்று வீதியுலா வரப் போவது. இன்னொன்று வெளியூர் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறைக்கு. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, கீழே விளக்குப் போட்டு, பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கப் போவது.

கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தூக்கிய திருவடியின் வளைவு, பறக்கும் சடை, முயலகன் மேல் ஊன்றிய காலின் கனம் எல்லாம் ஒன்றேதான். கண்ணோடு நிற்கிற அழகியல் இரண்டுக்கும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லும். அப்படியானால் இரண்டும் ஒரே பொருளா? இல்லை என்று உங்கள் பாட்டியும் சொல்வார், ஸ்தபதியும் சொல்வார். எங்கே இருக்கிறது அந்த வித்தியாசம்? அது தெரியவேண்டுமானால் யாருக்காகச் செய்தது, எந்த முறைக்குள் வைத்தது, அதன் முன் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். கலைத் தத்துவம் தொடங்குவது இங்கே.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. 1917-இல் மார்செல் டுஷாம்ப் என்ற கலைஞர் கடையில் வாங்கிய ஆண்கள் சிறுநீர்க் கோப்பையில் ஒரு புனைபெயரை எழுதி, நியூயார்க்கில் ஒரு கலைக் கண்காட்சிக்கு அனுப்பினார். பார்க்க அழகாக இருக்கிறது என்று அவர் அனுப்பவில்லை. கண்ணுக்கு எந்த ஈர்ப்பும் இல்லாத பொருளாகத் தேர்ந்தெடுப்பதே அவர் நோக்கம். 1964-இல் ஆண்டி வார்ஹோல் என்ற கலைஞர், பிரில்லோ என்ற பாத்திரம் தேய்க்கும் சோப்புப் பஞ்சின் அட்டைப்பெட்டிகளைப் போலவே மரத்தில் பெட்டிகள் செய்து அடுக்கினார். அதைப் பார்த்த ஆர்தர் டான்டோ என்ற தத்துவவாதி, கடைப் பெட்டியும் இதுவும் பார்வைக்கு ஒன்றாக இருக்கையில் ஒன்று மட்டும் கலை என்றால், அதைக் கலையாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்று வாதித்தார். ஒரு கோட்பாடு, ஒரு வரலாறு, கலை உலகம் என்ற ஒரு சூழல், இவை சூழ்ந்து நிற்பதால்தான் அது கலையாகிறது என்றார். அந்த வாதத்துக்குப் பிறகு கலையையும் அழகையும் ஒரே முடிச்சில் போட்டுக் கட்டுவது கஷ்டமாகிவிட்டது. அழகே இல்லாத கலை உண்டு, கலையே இல்லாத அழகும் உண்டு. பிரில்லோ பெட்டியை வைத்து இதைப் படிப்பதைவிட இரண்டு நடராஜரை வைத்துப் படித்தால் நமக்கு நன்றாகவே புரியும். ஒரு விஷயத்தில் நம் உதாரணம் மேலும் கடினமானது. கோயிலுக்குப் போகும் நடராஜரைக் கலைப்படைப்பு என்று அழைப்பது சரிதானா என்பதே அங்கே கேள்வியாகிவிடுகிறது.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண் தோண்டியபோது ஒரு நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போனார். அங்கே போலீஸ் கைப்பற்றியது, விலை கொடுத்து வாங்கிய கம்பெனி வழக்குப் போட்டது. கோயில் தரப்பும் உரிமை கோரியது. இடிந்துகிடந்த பழைய கோயிலையே சட்டப்படி ஒரு நபராக ஏற்று, அதன் சார்பில் கேட்ட கோரிக்கையை ஆங்கில நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மேல்முறையீடும் முடிந்து 1991-இல் அவர் நாடு திரும்பினார். அந்த வழக்கில் சிலை அழகாக இருக்கிறதா என்பதற்கு ஒரு பங்கும் இல்லை. இது என்ன வகைப் பொருள், யாருக்கு உரியது, எதனோடு சேர்ந்தது என்பதுதான் முழு வழக்கும்.

இவ்வளவு பிரித்துச் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கண் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம் என்று வேலி போட முடியாது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். ராஜராஜன் காலத்தவர். சடையையே தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார், ஒரு கால் மற்றதைக் குறுக்காகக் கடந்து நிற்கிறது, ஒரு கை எதன்மேலோ சாய்ந்திருப்பதுபோல மடங்கி அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்தில் இருந்த காளை இப்போது இல்லை. நான் முதல்முறை பார்த்தபோது எனக்கு இது தெரியாது. கையைக் கண்டு, நாட்டிய பாவம்போல என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். காளை இருந்த செய்தி தெரிந்து மறுபடி போனபோது அதே கை வேறாகத் தெரிந்தது. முழங்கை மடிந்த விதத்தில் ஒரு பழக்கம் தெரிகிறது, தன் மாட்டின்மேல் தினமும் சாய்ந்து நிற்பவனுடைய பழக்கம். வெண்கலம் மாறவில்லை, எனக்குத் தெரிந்த விஷயம் மாறியது, அதனால் என் கண் பார்த்தது மாறியது. இது எந்த வகையைச் சேர்ந்தது என்ற அறிவு, பார்வைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது என்று 1970-இல் கெண்டல் வால்டன் என்ற தத்துவவாதி எழுதினார். கலைத் தத்துவத்தின் விடை அழகியலின் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டையும் ஒரே தாளில் வைப்பது நியாயம். ஒன்றுதான் என்று சொல்வது தவறு.

பெரிய கோயிலின் உள்சுற்று ஓவியங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். மேலிருப்பதும் ஓவியம், கீழிருப்பதும் ஓவியம். பின்னாளில் தொல்லியல் துறை மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்துத் தனியே மாட்டும் முறையைக் கையாண்டது. கீழே இருப்பது கூடுதல் அழகு என்பது மட்டும் மேலே இருப்பதை எடுக்கப் போதுமான காரணமா? நான் போதாது என்று நினைக்கிறேன். நாயக்கர் காலத்து ஓவியர் ஒரு பழைய சுவரை உயிரோடு வைத்திருக்கும் எண்ணத்தில் பூசி வரைந்திருக்கலாம். அந்தச் செயலுக்கும் மதிப்பு உண்டு. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் வாதாடினாலும் நீங்கள் அப்போது செய்வது கலைத் தத்துவம்.

இனி உங்கள் வயல். அது காட்டைப்போல இயற்கையும் இல்லை, சிலையைப்போலக் கலையும் இல்லை. நாற்றங்கால் போட்டு, சேறடித்து, கயிறு பிடித்தோ பிடிக்காமலோ நட்டு, முறைத்தண்ணீர் பாய்ச்சி உண்டாக்கியது. ஆனால் யாரும் பார்ப்பதற்காக உண்டாக்கவில்லை. சோற்றுக்காக உண்டாக்கியது. கலைத் தத்துவத்துக்கு அங்கே அதிக வேலையில்லை. அழகியலுக்கு நிறைய வேலை இருக்கிறது. காண்ட் சொல்லும் முக்கியமான நிபந்தனையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அழகை ரசிப்பவனுக்கு அந்தப் பொருளால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இருக்கக்கூடாது, ஆதாயம் கலந்தால் அது தூய தீர்ப்பு ஆகாது என்றார் அவர். அப்படியானால் நிலத்தை நம்பிப் பிழைக்கிற விவசாயிக்குத் தன் வயலின் அழகே தெரியாதா? பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு போகிறவருக்குத்தான் தெரியுமா?

எங்கள் ஊரில் ஒரு பெரியவரோடு மாலையில் வரப்பில் நடப்பேன். ஒரு கார்த்திகையில், கரும்பச்சையாக மதமதவென்று நின்ற ஒரு சம்பா வயலைக் காட்டி, "எவ்வளவு அழகு பாருங்கள்" என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். "கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கும் சார். இந்தக் கருப்பு ஆகாது. யூரியா தூக்கல். பத்து நாள்ல புகையான் இறங்கும்." புகையான் என்பது நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. அதற்குப் பிறகு அந்தப் பச்சையை என்னால் முன்போல ரசிக்க முடியவில்லை. ரிஷபவாகனரின் கை எனக்கு மாறித் தெரிந்ததுபோலவே அந்த வயலும் மாறிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவரே நின்றார். அங்கே பயிர் இளம்பச்சை, எல்லாம் ஒரே மட்டம், காற்று வரும்போது முழு வயலும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. "இது பயிரு" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பேசாமல், இருட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வயல் அவருடையது இல்லை. வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அவருடைய பங்காளியுடையது.

உங்கள் கட்டுரை இப்படி ஓர் ஆளிடமிருந்து தொடங்கட்டும். காண்ட் கேட்ட சோதனையில் அவர் தேறுகிறாரா? தேறுகிறார் என்றால், பயிரைப் பற்றிய அவ்வளவு அறிவும் அந்த ரசனைக்குள் என்ன வேலை செய்கிறது? ஐப்பசியில் உங்கள் பக்கம் தாளடி நடவு தொடங்கும். நாற்று முடி பிரித்து நடுகிற நாளிலிருந்து கதிர் சாய்கிற வரைக்கும், வாரம் ஒருமுறை, விவசாயம் தெரிந்த ஒருவரோடு அவருக்குச் சொந்தமில்லாத வயல் ஓரமாக நடந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், என்ன சொல் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.